மடிக்கு ஒரு தகடு

பிப்ரவரி 3, சனி

இந்த டைரியைக் கொடுத்தவர் பெயிண்டுக் கடைக்காரர். வருடா வருடம் கொடுப்பார். வருடா வருடம் அம்மா இதில் புள்ளி வைத்துக் கோலம் போட்டுப் பழகுவாள். இந்த வருடம் எனக்கே தேவைப்பட்டுவிட்டது. செல்போன் நொறுங்கிப் போயிற்று. மல்லாந்து படுத்து மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தால் புத்தி பேதலித்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

நான் செங்கோட்டுவேல். வயது முப்பத்திரண்டு. திருச்செங்கோட்டில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். போன திங்கட்கிழமை கிரைண்டரில் தகடு அறுக்கும்போது டிஸ்க் உடைந்து தெறித்துவிட்டது. டிஸ்க் தரம் சரியில்லை. அடி தொடையில்.

இப்போது கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. ஆண்கள் வார்டு, ஜன்னலோரக் கட்டில். காலையில் இட்லி. ஆஸ்பத்திரிச் சட்னி என்ன ருசி என்று கேட்டால் வெள்ளை என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த வார்டில் துணைக்கு ஆண்தான் இருக்க வேண்டுமாம். எனக்கு அப்பா இல்லை, கூடப் பிறந்தவனும் இல்லை. ஆகவே லோகு இருக்கிறான். லோகு என் தங்கை கோகிலாவின் புருஷன். நானும் அவனும் பேசி நாலு வருடம் ஆகிறது. சேர்க்கைத் தாளில் ‘நோயாளிக்கு என்ன உறவு’ என்ற கட்டத்தில் ‘தெரிந்தவர்’ என்று எழுதியிருக்கிறான். சரியாகத்தான் எழுதியிருக்கிறான்.

பிப்ரவரி 4, ஞாயிறு

பார்க்க வந்தவர்கள் பதினொரு பேர். ரொட்டி ஆறு, ஹார்லிக்ஸ் மூன்று, ஆரஞ்சு எண்ணவில்லை. எல்லாருக்கும் ஒரே கேள்விதான். “எங்கப்பா அடி?” நான் வாயைத் திறக்குமுன் அம்மா “தொடையிலங்” என்று சொல்லிவிடுகிறாள். சொல்லும்போதே போர்வையை ஒரு சாண் மேலே இழுத்தும் விடுகிறாள்.

அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, மட்டும் நம்பவில்லை. “தொடையில அடின்னா தொடையில கட்டுப் போடுவாங்க. இதென்ன இடுப்புக்குப் பக்கத்துல பொதி மாதிரி?” என்றாள். அம்மா அவசரமாக ஒரு ஆரஞ்சை உரித்து அவள் வாயை அடைத்தாள்.

பிப்ரவரி 5, திங்கள்

டைரியிலாவது உண்மையை எழுதலாம். அடி தொடையில் இல்லை. தொடையும் வயிறும் சேருகிற இடுக்கில், வலது பக்கம். முக்கியமான இடத்திலிருந்து மூன்று விரல் தள்ளி. மூன்று விரல் என்பதை இன்று டாக்டரே சொன்னார், நானாகக் கேட்கவில்லை.

டாக்டர் ஜெசிந்தா பிளாஸ்டிக் சர்ஜன். பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் நடிகைகளின் மூக்கு என்றுதான் நினைத்திருந்தேன். அந்தம்மா வந்து கட்டைப் பிரித்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன், நான் பார்க்காவிட்டால் அவருக்கும் தெரியாது என்பதுபோல.

“செத்துப்போன தோலையும் சதையையும் எடுத்தாச்சு. உள்ளங்கை அகலத்துக்குக் குழி இருக்கு. அடியில காலுக்கு ரத்தம் கொண்டுபோற பெரிய குழாய் தெரியுது. அத மூடாம விட முடியாது. வெறும் தோலை ஒட்டினா அங்க நிக்காது. அதனால தொடையோட வெளிப்பக்கத்திலேர்ந்து தோலும் சதையுமா ஒரு மடல் எடுக்கறோம். அதோட ரத்தக்குழாய அறுக்காம, உள்பக்கமாவே திருப்பிக் கொண்டுவந்து குழியில வச்சுத் தைப்போம்” என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுவரோரம் நின்ற லோகு, “தகட்டைத் தனியா வெட்டாம, ஒரு பக்கம் பிடிப்பு விட்டு மடக்கி ஒட்டுப் போடற மாதிரிங்களா?” என்றான்.

“அதேதான். நீங்க என்ன வேலை பாக்கறீங்க?”

“லாரி பாடி கட்டறேனுங்.”

“அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான்” என்று டாக்டர் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, “கிரைண்டர் காயம் எனக்கு அடிக்கடி வருது. டிஸ்க்க மூடற கார்டு போட்டிருந்தீங்களா?” என்றார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். லோகுவும் மின்விசிறியைப் பார்த்தான். மின்விசிறி நன்றாகத்தான் ஓடுகிறது.

போகும்போது டாக்டர் இன்னொன்று சொன்னார். திருச்செங்கோட்டிலிருந்து வழிநெடுக இரண்டு கையாலும் காயத்தை யாரோ அழுத்திப் பிடித்து வந்திருக்கிறார்களாம். அந்தக் கையை எடுத்திருந்தால் நான் வந்தே சேர்ந்திருக்க மாட்டேனாம். எனக்கு மயக்கம், யாரென்று தெரியாது. நான் கண் விழித்தபோது லோகு ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்த பச்சைச் சட்டையில் நின்றுகொண்டிருந்தான். அவன் சட்டை என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

பார்வை நேரத்தில் கோகிலா வந்தாள். நாலு வருடம் கழித்து என் தலைமாட்டில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அழுதாள், கொஞ்ச நேரம் எனக்கு வந்த ஆரஞ்சைத் தின்றாள், பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

அவளுக்கு ஒரே பெண். பெயர் இதழினி. இந்தக் காலத்துப் பெயர், கூப்பிட்டால் பல்லில் மாட்டுகிறது. பிள்ளைக்கு முதல் வருடமே குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தியிருக்க வேண்டும். என்ன காரணமோ தள்ளிப் போய்விட்டது. வருகிற ஆவணியில் மூன்று முடிந்து நாலு பிறக்கிறது. இரட்டைப்படையில் காது குத்த மாட்டார்கள். ஆடி ஆகாது. ஆனி மாதத்துக்குள் முடித்தாக வேண்டும். ஜூலை பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை, நாள் பார்த்தாயிற்று.

“தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தாண்ணா குத்தணும். பங்காளி மாமனுக ஆராச்சும் உக்காரட்டும்னு அவிய வீட்ல சொன்னாங்க. என்ற அண்ணன் மடி இல்லாட்டி என்ற பிள்ளைக்குக் காதே குத்த வேண்டாம்னு சொல்லிட்டேன்.”

அவள் போனபின் டாக்டரிடம் கேட்டேன். சம்மணம் போட்டு உட்கார முடியுமா? மடியில் பிள்ளையை வைக்கலாமா?

“முதல்ல மடல் புடிக்கட்டும். புடிச்சா எல்லாம் பாக்கலாம்” என்றார்.

பிப்ரவரி 8, வியாழன்

காலை ஏழு மணி. டாக்டர் என் தொடையில் பேனாவால் கோடு போட்டார், ஸ்கேல் வைத்து. லோகு எட்டிப் பார்த்து, “ஓரத்துக்கு அரை இஞ்ச் சேத்தி விடோணுமுங்களே” என்றான். “விட்டிருக்கேன்” என்றார் டாக்டர். நான் ஆளா, தகடா?

ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது.

பிப்ரவரி 9, வெள்ளி

ஆறு மணி நேரமாம். உயிரோடு இருக்கிறேன். முழங்காலுக்கு அடியில் தலையணை. கால் நீட்டக் கூடாது.

பிப்ரவரி 11, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன்.

மடலை ஓயாமல் பார்க்கிறார்கள். சிஸ்டர் வந்து விரலால் அழுத்துவார். வெளுத்து, உடனே சிவக்க வேண்டும். கதகதப்பாக இருக்க வேண்டும். சிஸ்டர் போனபின் லோகு பார்க்கிறான். பெற்ற தாய்க்கும் காட்டாத இடத்தை இவன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்க்கிறான். நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். அதன் இலை ஒவ்வொன்றும் இப்போது எனக்கு நல்ல பழக்கம்.

நேற்று மாலை நாலு மணிக்கு அவன் எழுந்து ஓடினான். சிஸ்டரின் குரல் கேட்டது. “இப்பதானே பாத்துட்டு வந்தேன், நல்லாருக்கு.”

“அப்ப நல்லாத்தானுங் இருந்துது. இப்ப கத்திரிப்பூ நிறத்துக்குத் திரும்புதுங். ஒரு எட்டு வந்து பாருங், உங்களுக்குப் புண்ணியமாப் போவுது.”

சிஸ்டர் வந்தார், பார்த்தார், அவரும் ஓடினார். டாக்டர் வந்து மூன்று தையலைப் பிரித்தார். உள்ளே கட்டியிருந்த ரத்தம் வெளியே வந்தது. தலையணையை மாற்றி வைத்தார்கள். பிறகு எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். தேர் வடம் பிடிக்கும்போதுகூட எங்கள் ஊரில் இவ்வளவு பேர் இவ்வளவு அமைதியாக நின்றதில்லை. ஆறு மணிக்கு, “சிவக்குது” என்றார் டாக்டர்.

“இன்னும் ரெண்டு மணி நேரம் விட்டிருந்தா மடல் போயிருக்கும். உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்று லோகுவைக் கேட்டார்.

“இரும்பு காயறப்பவும் ஆறறப்பவும் நிறத்தப் பாத்துத்தானுங் எங்களுக்கு வேலையே.”

நான் அவனுக்கு நன்றி சொல்லவில்லை. தொண்டை வறண்டிருந்தது. அவன் தண்ணீர் கொடுத்தான், குடித்தேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஆண்பிள்ளை டாக்டராக இருந்தால் இந்நேரம் கேட்டிருப்பேன். நாளைக்குக் கேட்கலாம்.

பிப்ரவரி 14, புதன்

நாளைக்குக் கேட்கலாம்.

பிப்ரவரி 15, வியாழன்

டாக்டர் போகும்போது லோகு அவர் பின்னாலேயே வராந்தா வரைக்கும் போனான். என்னவோ பேசினான். திரும்பி வந்து, என்னைப் பார்க்காமல், பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னான். “எல்லாம் நல்லாருக்குதாமா. கல்யாணங் கட்டிக்கலாமாமா. ஒரு குறையும் இல்லைன்னு சொன்னாங்க.”

அவன் எதைப் பற்றிச் சொன்னான் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இன்று இட்லி இரண்டு கூடுதலாகச் சாப்பிட்டேன். வெள்ளைச் சட்னியும் கேட்டு வாங்கினேன்.

ஒன்று கவனித்தேன். அவன் என்னை ‘மச்சான்’ என்றும் சொல்வதில்லை, பழையபடி ‘வேலு’ என்றும் சொல்வதில்லை. மொட்டையாகப் பேசுகிறான். நானும் அப்படித்தான்.

பிப்ரவரி 20, செவ்வாய்

தையல் பிரித்தார்கள். முதல்முறையாகக் கண்ணாடியில் பார்த்தேன். இடுக்கில் ஒரு கொழுக்கட்டை வைத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. போகப்போக அமுங்குமாம்.

அதைவிடப் பெரிய அதிசயம், என் மச்சம் இடம் மாறிவிட்டது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று ‘வலது தொடையின் வெளிப்புறம் ஒரு மச்சம்’ என எழுதியிருக்கிறது. அந்த மச்சம் இப்போது இடுக்கில் வந்து குடியேறியிருக்கிறது. இனி எந்த அதிகாரியாவது அங்க அடையாளத்தைக் காட்டு என்றால் என் மானம் போகும்.

அம்மா பஞ்சாங்கம் எடுத்துவரச் சொல்லி மச்ச பலன் பார்த்தாள். “தொடையில இருந்தா வண்டி வாகனம்னு போட்டிருக்குது. இங்க இருந்தா என்னன்னு போடலியே. பஞ்சாங்கத்துல இந்த எடமே இல்ல கண்ணு” என்றாள். லோகு திரும்பிச் சுவரைப் பார்த்தான். அவன் தோள் குலுங்கியது. எனக்கும் சிரிப்பு வந்தது, தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அந்தத் தோலில் இப்போதைக்கு உணர்ச்சி இருக்காது என்றார் டாக்டர். ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல வரலாம். வருடமும் ஆகலாம். தினமும் கண்ணை மூடிக்கொண்டு பஞ்சால் தடவிப் பார்க்க வேண்டும்.

பஞ்சு: தெரியவில்லை.

பிப்ரவரி 26, திங்கள்

வீடு. வாசலில் அம்மா ஆரத்தி எடுத்தாள். கோகிலா பின்னால் ஒரு சிறு உருவம் நின்றது. முடி இடுப்பு வரைக்கும். மூன்று வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு முடியா? இரண்டு பின்னல், நாலு ரிப்பன், அதற்கும் அடங்காமல் நெற்றியில் வந்து விழுகிறது.

“மாமாவுக்கு எங்க உவ்வா?” என்றது.

“தொடையிலடா தங்கம்” என்றார்கள் அம்மா, கோகிலா, லோகு மூன்று பேரும் ஒரே குரலில்.

இப்போது அது பாதி உண்மையும் ஆகிவிட்டது. மடல் எடுத்த இடத்தில் ஒரு முழத்துக்குத் தையல் தழும்பு இருக்கிறது. காட்டினேன். பிள்ளை ஊதிவிட்டது.

மார்ச் 10, ஞாயிறு

கம்பு ஊன்றாமல் வாசல் வரை நடந்தேன். கட்டு மாற்ற லோகு தினமும் காலையில் வருகிறான். அவனுடைய ஷெட் எங்கள் பட்டறைக்கு எதிரேதான். என் ஆட்கள் இரண்டு பேருக்கும் அவனே வேலை சொல்லி, நின்றுபோன லாரி ஒன்றை முடித்தும் அனுப்பிவிட்டான். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன், அதனால்தான் கேட்கவில்லை.

பஞ்சு: தெரியவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

நாற்காலியில் அரை மணி நேரம்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரைப் புத்தாண்டு. பலகையில் உட்கார்ந்து சாப்பிடப் பார்த்தேன். இடது கால் மடங்கியது. வலது கால் பாதியில் நின்றுவிட்டது. இடுக்கில் தோல் கயிறு மாதிரி இழுக்கிறது. அம்மா டேபிளுக்கு இலையை மாற்றினாள். பாயசத்தை ஒதுக்கி வைத்தேன்.

வருடப் பிறப்பன்று மனதைச் சுத்தம் பண்ணிவிட வேண்டும். எழுதிவிடுகிறேன்.

லோகு என் சிநேகிதன். பட்டறையை இருவரும் சேர்ந்து தொடங்கினோம். மத்தியானச் சாப்பாடு கோகிலாதான் கொண்டுவருவாள். ஒரு வருடம் முழுக்க என் கண்ணெதிரிலேயே தூக்குப் போசியோடு என்னென்னவோ கைமாறியிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. கேட்டிருந்தால் நானே முன்னின்று கட்டி வைத்திருப்பேன். கேட்காமல் கோயிலில் போய்க் கட்டிக்கொண்டார்கள். என்னிடம் மறைத்தானே என்பதுதான் என் கோபம், அவன் கட்டிக்கொண்டது இல்லை.

பிள்ளைக்கு முதல் வயதில் காது குத்துவதற்கு கோகிலா தாம்பூலத் தட்டோடு பட்டறை வாசலில் வந்து நின்றாள். நான் கிரைண்டரைப் போட்டு ஒரு தகட்டை அறுக்க ஆரம்பித்தேன். சத்தத்தில் அவள் சொன்னது கேட்கவில்லை என்று பாவனை. அந்தத் தகட்டை அறுக்க வேண்டிய அவசியமே இல்லை. அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். ‘என்ன காரணமோ தள்ளிப் போய்விட்டது’ என்று பிப்ரவரியில் எழுதியிருக்கிறேன். காரணம் நான்தான். அந்தப் பிள்ளையின் தலையில் இடுப்புவரை தொங்குவது என் வீம்பு.

இன்னொன்று. டிஸ்க் தரம் நன்றாகத்தான் இருந்தது. கார்டைக் கழற்றி வைத்திருந்தேன். கார்டு இருந்தால் மூலைக்குள் கிரைண்டர் நுழையாது, எல்லாப் பட்டறையிலும் கழற்றித்தான் வைப்பார்கள். எங்கள் பட்டறையில் லோகு இருந்தவரை கழற்ற விட்டதில்லை. அவன் போன மறுநாள் கழற்றினேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

பிசியோதெரபி நசீர் பாய் வாரம் இரண்டு நாள் வருகிறார். இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்து முட்டியைக் கீழே அமுக்கும் பயிற்சி. “பட்டாம்பூச்சி மாதிரி அடிங்க சார்” என்கிறார். எண்பத்தெட்டுக் கிலோப் பட்டாம்பூச்சி.

இதழினி எதிரே உட்கார்ந்து கூடவே செய்கிறது. அதன் முட்டி தரையைத் தொடுகிறது. என்னுடையது இன்னும் ஒரு முழம் மேலே நிற்கிறது. “மாமா, நீ வளரோணும்” என்று ஆறுதல் சொன்னது.

மே 12, ஞாயிறு

சாண் அளவு.

ஜூன் 2, ஞாயிறு

நாலு விரல்.

ஜூன் 9, ஞாயிறு

சம்மணம் போட்டுவிட்டேன். பத்து எண்ணும்வரை. அம்மா வாசலுக்கு ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டில் சொன்னாள். “என்ற பையன் உக்காந்துட்டான்.” எனக்கு வயது ஆறு மாதம் என்று நினைத்திருப்பார்கள்.

ஜூன் 16, ஞாயிறு

அடுத்தது பாரம். பிள்ளை பன்னிரண்டரைக் கிலோ. லோகு இட்லி அரிசியைச் சரியாகப் பன்னிரண்டரை நிறுத்து ஒரு சிப்பத்தில் கட்டிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். கோகிலா அதற்கு ஒரு துண்டைச் சுற்றி இடுப்பு வைத்தாள். இதழினி பார்த்துவிட்டு அதற்கு ஒரு ரிப்பன் கட்டிவிட்டது. தினமும் காலை கால் மணி, மாலை கால் மணி அரிசிச் சிப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுக்கு வருபவர்கள் காரணம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

பஞ்சு: தெரியவில்லை.

ஜூலை 4, வியாழன்

கோயம்புத்தூர். டாக்டர் ஜெசிந்தா அழுத்திப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். “அருமையா புடிச்சிருக்கு. சம்மணம் போடலாம், பிள்ளைய வச்சுக்கலாம். ஒண்ணே ஒண்ணு, அந்த எடத்துல உதை விழக் கூடாது. உணர்ச்சி இல்லாததால அடிபட்டாலும் உங்களுக்குத் தெரியாது” என்றார்.

காது குத்தும்போது எந்தப் பிள்ளை உதைக்காது? அதுவும் இது லோகு பெற்ற பிள்ளை. பஸ்ஸில் சங்ககிரி தாண்டும்வரை நாங்கள் இருவரும் பேசவில்லை. இது பழைய பேசாமை இல்லை. இரண்டு பேரும் ஒரே விஷயத்தை யோசித்துக்கொண்டிருந்தோம்.

“தலையணை வச்சுக்கலாமா?” என்றேன்.

“நழுவிரும்” என்றான். பிறகு என் இடுப்பை ஒரு மாதிரியாகப் பார்த்தான். தகடு அளக்கும்போது அப்படித்தான் பார்ப்பான்.

ஜூலை 10, புதன்

அவன் கொண்டுவந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பதினெட்டு கேஜ் தகட்டில், என் இடுக்கின் வளைவுக்கு அப்படியே வளைத்து, ஓரம் கையைக் கிழிக்காதபடி உருட்டிவிட்டு ஒரு கவசம். உள்ளே ஸ்பாஞ்சு. அதன் மேல் லாரி சீட்டுக்குப் போடும் அரக்கு நிற ரெக்சின். இடுப்பில் கட்ட நாடா. வெளிப்பக்கம் லாரிப் பெயிண்டர் கையெழுத்தில், பூ விட்டு, ‘இடைவெளி விடவும்’ என்று எழுதியிருந்தது.

“இது எதுக்கு?” என்றேன்.

“பெயிண்டு மிச்சம் இருந்துது” என்றான்.

வேட்டிக்குள் கட்டிப் பார்த்தேன். அம்சமாகப் பொருந்தியது. லோகு இரண்டு மணல் பையைக் கையில் பிடித்துக்கொண்டு பிள்ளை உதைப்பது மாதிரி மோதிப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை.

“கார்டு” என்றேன் நான். அவ்வளவுதான் வாயில் வந்தது.

“ஆமா” என்றான். “இதயாச்சும் கழட்டாம இருந்தாச் சரி.”

ஜூலை 12, வெள்ளி

எல்லாவற்றையும் எழுத வேண்டும். வரிசையாக எழுதுகிறேன்.

காவிரிக் கரையில் லோகு வீட்டுக் குலதெய்வம். வேப்பமரத்தடி. தாய்மாமன் சீர்த் தட்டு ஒன்பது வைத்தோம். கோகிலா வீம்புக்கு எல்லாத் தட்டையும் அவள் புகுந்த வீட்டுச் சொந்தத்தின் முன்னால் நிறுத்தி நிறுத்தித் தூக்கிக்கொண்டு போனாள். ஜமக்காளம் விரித்தார்கள். “தாய்மாமன் வந்து உக்காருங்க” என்றார் பூசாரி. நாற்பது பேர் பார்க்க நான் சம்மணம் போட்டேன். முட்டி இரண்டும் தரையில். அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

பிள்ளையை மடியில் வைத்தார்கள். அரிசிச் சிப்பம் இவ்வளவு நெளிந்ததில்லை, இவ்வளவு சூடாகவும் இருந்ததில்லை. முதலில் மொட்டை. முடி என் வேட்டியெல்லாம் விழுந்தது. மூன்று வருட முடி. நான் ஒவ்வொரு கொத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மொட்டைக்கு அது அழவில்லை. தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, “முடி எங்க?” என்று என்னைத்தான் கேட்டது.

பிறகு ஆசாரி வந்தார். ஊசியைப் பார்த்ததும் அதற்கு எல்லாம் புரிந்துவிட்டது. வலது காதில் குத்தினாரோ இல்லையோ, ஊர் அதிரக் கத்திக்கொண்டு கொலுசுக் காலை மடக்கி ஓங்கி ஒரு உதை விட்டது.

டங்.

கோயில் மணி அடித்த மாதிரி ஒரு சத்தம். ஆசாரி கையை எடுத்துவிட்டார். பூசாரி மேலே பார்த்தார். லோகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து, “மச்சான், ஒண்ணும் ஆகலியே?” என்றான். நாலரை வருடத்தில் முதல் மச்சான். அவனுக்கே தெரியாமல் வந்துவிட்டது.

பிள்ளையின் அழுகை சட்டென நின்றது. சத்தம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தது. சோதித்துப் பார்க்க இன்னொரு உதை. டங். முகம் மலர்ந்துவிட்டது. டங், டங். கண்ணில் நீரோடு கெக்கலி கொட்டிச் சிரித்துக்கொண்டே மாறி மாறி உதைத்தது. “விடாம உதை கண்ணு, உதை” என்று சொல்லிக்கொண்டே ஆசாரி இடது காதில் குத்திவிட்டார். அது கவனிக்கவே இல்லை.

கூட்டம் மட்டும் கவனித்தது. முன்வரிசையில் பெரியம்மா. ஐந்து மாதமாகக் காத்திருந்தவள். “ஏன் தங்கச்சி, அடி தொடையிலன்னு சொன்னே. தகரம் எங்கியோ கட்டியிருக்குது?” என்றாள், நாற்பது பேருக்கும் கேட்கும்படி.

அம்மா தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். கோகிலா என்னைப் பார்த்தாள். பிள்ளை நிறுத்தவில்லை. டங்.

“அடி தொடையில இல்லீங் பெரியம்மா” என்றேன். “கொஞ்சம் மேல. தொடையிலிருந்து தோல எடுத்து அங்க ஒட்டுப் போட்டிருக்குது. உதை விழக் கூடாதுன்னு இவுரு கார்டு செஞ்சு குடுத்தாரு. எல்லாம் நல்லாருக்குதாமா. ஒரு குறையும் இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாங்க.”

பெரியம்மாதான் முதலில் சிரித்தாள். அப்புறம் பூசாரி. பிறகு யார் சிரித்தார்கள், யார் சிரிக்கவில்லை என்று கணக்கில்லை. ஒருத்தர் எனக்குப் பெண் பார்ப்பதாக அங்கேயே சொன்னார். இந்த மானத்துக்காகவா ஐந்து மாதம் போர்வையை இழுத்து இழுத்து மூடினோம்?

பந்தி முடிந்தது. மறைவாகப் போய்க் கவசத்தைக் கழற்றிவிட்டு மரத்தடிக்கு வந்து மறுபடியும் சம்மணம் போட்டேன். யாரும் கூப்பிடவில்லை. உட்கார முடிகிறது என்பதற்காகவே உட்கார்ந்தேன். சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு, காதில் புதுத் தோடோடு இதழினி தள்ளாடி வந்து என் மடியில் ஏறிச் சுருண்டு, படுத்த நிமிடமே தூங்கிப் போனது. அழுத அழுகைக்கு இரண்டு டம்ளர் பானகமும் ஒரு இளநீரும் குடித்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் மடியில் ஏதோ வெதுவெதுப்பாக இருந்தது. முதலில் தொடையில் தெரிந்தது. பிறகு மெல்லப் பரவியது. பரவி இடுக்குக்கு வந்தது. அங்கேயும் தெரிந்தது.

நான் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, பஞ்சுக்கு மூடுவதுபோல, நன்றாகக் கவனித்துப் பார்த்தேன். தழும்பின் உள் ஓரம். மச்சம் இருக்கும் பக்கம். சந்தேகமே இல்லை, சுடுகிறது. ஐந்து மாதமாக ஊமையாகக் கிடந்த தோல் பேசிவிட்டது.

கோகிலா தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, “ஐயோ அண்ணா, பிள்ளை ஒண்ணுக்குப் போயிருச்சா? குடு இங்க” என்று ஓடிவந்தாள்.

“தொடாதே, தூங்கட்டும்” என்றேன்.

லோகு பந்திப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். நாலரை வருடம் தொண்டையில் கிடந்த வார்த்தை தடங்கலில்லாமல் வந்தது.

“மாப்ளே, எனக்கொரு மாத்து வேட்டி எடுத்துட்டு வா. அவசரமில்ல, மெதுவாவே வா.”